உகாண்டா கிராமத்தில் மாற்றுத்திறனாளிகள் ஆய்வை முடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கிழக்கு உகாண்டாவின் புசோகா பகுதிக்கு, அதாவது ஜின்ஜா, இகாங்கா, கமுலி, மயுகே பக்கம், பிசியோதெரபி, சமூகப்பணி, பொதுச் சுகாதாரம் என்று ஏதோ ஒரு படிப்புக்காகவோ தொண்டு நிறுவன வேலைக்காகவோ போய், மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன உதவி கிடைக்கிறது என்று ஆய்வு செய்து, இப்போது அதை எப்படி முடிப்பது என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறு ஆப்பிரிக்க நாட்டில் இருப்பவர்களுக்கு அலுவலகங்களின் பெயர் மாறும், வேலை பெரும்பாலும் இதுதான்.

கேள்வித்தாள்கள் நிரம்பிவிட்டன, பேட்டி ஒலிப்பதிவுகள் லேப்டாப்பில் இருக்கின்றன, விசா தேதி நெருங்குகிறது. பலரும் இந்த இடத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பி, ஊரில் உட்கார்ந்து தீசிஸ் எழுதுகிறார்கள். அதை முடித்தல் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. பதில் சொன்னவர்களிடம் முடிவு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆய்வின் நடுவே உடனடி உதவி தேவை என்று தெரியவந்தவர்களை யாரிடமாவது பொறுப்பாக ஒப்படைத்திருக்க வேண்டும். அந்த மாவட்டத்து மாற்றுத்திறனாளிகள் அமைப்பு உங்கள் தரவைக் கையில் வைத்துக்கொண்டு நிர்வாகத்திடம் எதையாவது கேட்கிற நிலையில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் நடந்தால்தான் முடிந்தது என்பேன்.

முதலில் நாள்காட்டி

உகாண்டாவின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட் பற்றிப் பேச மாவட்டங்கள் கூட்டும் கூட்டங்கள் பொதுவாக அக்டோபர், நவம்பரில் நடக்கும். உங்கள் முடிவு செப்டம்பர் கடைசியில் இரண்டு பக்கத் தாளாக மாவட்ட அலுவலகத்திலும் மாற்றுத்திறனாளிகளின் பிரதிநிதிகள் கையிலும் இருந்தால், அந்தக் கூட்டத்தில் யாராவது எழுந்து அதைப் படித்துக் காட்ட முடியும். அதையே ஜனவரியில் கொண்டுபோய்க் கொடுத்தால், எவ்வளவு நல்ல ஆய்வாக இருந்தாலும், அடுத்த சுற்று வரும் வரை அலமாரியில்தான் இருக்கும்.

அப்புறம் மழை. புசோகாவில் மார்ச் முதல் மே வரை ஒரு பருவம், செப்டம்பர் முதல் நவம்பர் வரை இன்னொரு பருவம். செம்மண் சாலை சேறாகிவிட்டால் உங்களால் போடா போடா என்ற வாடகை பைக்கில் எப்படியோ போய்விட முடியும், ஆனால் வீல்சேரில் வருபவராலும் ஊன்றுகோலில் வருபவராலும் ஆய்வு முடிவைச் சொல்ல நீங்கள் கூட்டும் கூட்டத்துக்கு வர முடியாது, யாருக்காகக் கூட்டமோ அவர்களே இல்லாமல் அது நடந்து முடியும். மழை தொடங்கினால் விதைப்பு வேலையும் தொடங்கும், காலை நேரத்தில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் ஊர்க்கூட்டங்களை ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் வைத்து, மாவட்டக் கூட்டத்தைச் செப்டம்பரில் வைப்பது எனக்குத் தெரிந்தவரை நல்ல ஏற்பாடு. காது கேளாத பிள்ளைகள், பார்வையில்லாத பிள்ளைகள் உங்கள் ஆய்வில் இருந்தால் பள்ளி விடுமுறையையும் பாருங்கள். அவர்களில் பலர் விடுதியோடு கூடிய சிறப்புப் பள்ளிகளில் படிக்கிறார்கள், விடுமுறையில்தான் வீட்டுக்கு வருவார்கள்.

ஆய்வுக்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழுவின் அனுமதி ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். பேட்டி எடுத்து முடிந்தது, இனி எதற்கு அனுமதி என்று நினைத்துவிடாதீர்கள். பங்கேற்றவர்களை மறுபடி சந்தித்து அவர்கள் கருத்தை எழுதிக்கொள்வதும் ஆய்வின் பகுதிதான். தேதி முடிவதற்கு நன்றாக முன்னாலேயே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரே வார்த்தை: மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கையாவது இந்தக் கடைசிக் கட்டத்துக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். நிதி கொடுப்பவரிடம் முன்மொழிவிலேயே கேட்டுவிடுவது இன்னும் நல்லது. கேட்டால் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

யார் வழியாக உள்ளே போனீர்கள் என்று பாருங்கள்

உள்ளே போன வழி இப்படி இருந்திருக்கும். அங்கீகாரம் பெற்ற ஒரு நெறிமுறைக் குழு, அடுத்து உகாண்டா தேசிய அறிவியல் தொழில்நுட்பக் குழுவில் பதிவு, பிறகு மாவட்டத்தில் ஜனாதிபதியின் பிரதிநிதியாக இருக்கும் ஆர்டிசி, மாவட்டத் தலைமை நிர்வாக அதிகாரி, மாவட்டச் சுகாதார அதிகாரி, சமூக மேம்பாட்டு அதிகாரி, மாவட்டத்துக்குக் கீழ்ப் பிரிவான சப்-கவுன்டியின் அலுவலகம், கடைசியில் கிராம உள்ளாட்சிக் குழுவின் தலைவரான எல்சி 1 சேர்மன். ஒவ்வொரு இடத்திலும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, கடிதத்தில் முத்திரை.

வெளியே வரும்போது இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முடிவு முதலில் கிராமத்துக்கு, அப்புறம் சப்-கவுன்டிக்கு, பிறகு மாவட்டத்துக்கு, கடைசியாகத் தலைநகர் கம்பாலாவுக்கு. நெறிமுறைக் குழுவுக்கும் தேசியக் குழுவுக்கும் அனுப்ப வேண்டிய நிறைவு அறிக்கை கட்டாயமான வேலை, அதை யாரும் மறக்க மாட்டார்கள். எல்சி 1 சேர்மனுக்கு யாரும் எதுவும் அனுப்புவதில்லை. உங்கள் கடிதத்தில் முத்திரை குத்தி, "இவர்களை நம்பலாம், பதில் சொல்லுங்கள்" என்று ஊரில் சொன்னவர் அவர். நீங்கள் போன பிறகு "அந்த ஆய்வு என்ன ஆச்சு?" என்று ஜனங்கள் கேட்பதும் அவரிடம்தான்.

இந்தப் பட்டியலில் பலரும் விட்டுவிடுகிற, ஆனால் எல்லோரையும்விட முக்கியமான ஆட்கள், மாற்றுத்திறனாளிகளின் சொந்தப் பிரதிநிதிகள். உகாண்டாவில் இந்த ஏற்பாடு பல நாடுகளைவிட வலுவானது. 1997-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி மாவட்ட கவுன்சிலிலும் சப்-கவுன்டி கவுன்சிலிலும் மாற்றுத்திறனாளி உறுப்பினர்கள் இரண்டு பேர் உண்டு, அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஐந்து இடங்கள் இருக்கின்றன. காது கேளாதவரான அலெக்ஸ் என்டீசி அப்படித்தான் 1996-இல் உறுப்பினராகப் போனார். சைகை மொழியை அரசு வளர்க்க வேண்டும் என்று 1995-ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. 1987-இல் தொடங்கிய நுடிப்பு என்ற தேசிய ஒன்றியத்தோடு மாவட்ட அளவிலான சங்கங்கள் இணைந்திருக்கின்றன. இவ்வளவு இருக்கும் இடத்தில், வெளியிலிருந்து போன நாம் இவர்களைத் தாண்டிக்கொண்டு நேராக அதிகாரியிடம் அறிக்கை கொடுப்பது சரியே இல்லை. ஆரம்பத்தில் இவர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தால் நல்லது. இல்லையென்றால் இன்றைக்குப் போய்ப் பேசுங்கள், முடிவுகளை எப்படிச் சொல்வது என்பதை அவர்களோடு உட்கார்ந்து தீர்மானியுங்கள்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். ஜின்ஜா பக்கத்தில் இந்திய முகம் புதிதல்ல. ககிராவின் சர்க்கரை ஆலையும் அதன் உரிமையாளர்களான இந்திய வம்சாவளி மத்வானி குடும்பமும், பழைய கடைத்தெருக்களும், 1972-இல் அப்போதைய அதிபர் இடி அமீன் ஆசியர்களை வெளியேற்றியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதனால் உங்களைப் பார்த்ததும் கடை முதலாளி வீட்டு ஆள், பணம் உள்ளவர் என்று நினைப்பது இயல்பு. ஆய்வு முடியும்போது ஏதோ தரப்போகிறார் என்ற எதிர்பார்ப்பு அதிலிருந்தும் வரும். எது உங்களால் முடியும், எது முடியாது என்பதை ஒவ்வொரு சந்திப்பிலும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

களத்தை மூடும் முன் தரவைச் சரிபாருங்கள்

திரும்பிப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது எதையும் பிறகு சரிசெய்ய முடியாது. ஊரில் இருக்கும்போதே பார்க்க வேண்டியவை இவை.

மாற்றுத்திறனாளிகளைக் கணக்கெடுக்க உலகெங்கும் பயன்படும், வாஷிங்டன் குழு என்ற புள்ளியியல் குழுவின் சிறு கேள்வித் தொகுப்பைப் பயன்படுத்தியிருப்பீர்கள். பார்ப்பது, கேட்பது, நடப்பது அல்லது படி ஏறுவது, நினைவு மற்றும் கவனம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, பிறரோடு பேசிப் புரியவைப்பது என்று ஆறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் சிரமம் இல்லை, கொஞ்சம் சிரமம், நிறையச் சிரமம், அறவே முடியாது என்று நான்கு பதில்கள். 'உங்களுக்கு ஊனம் உண்டா' என்று நேராகக் கேட்டால் வெட்கத்திலும் பயத்திலும் இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்பதால்தான் இந்த முறை வந்தது. ஆனால் களப்பணியாளர் அவசரத்தில் அதையும் தன் வார்த்தையில் மாற்றிக் கேட்டிருக்கக்கூடும். சில வீடுகளுக்கு வேறொரு களப்பணியாளரை மறுபடி அனுப்பி அதே கேள்விகளைக் கேட்கச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய வித்தியாசம் வந்தால் காரணம் கேள்வியிலா, மொழிபெயர்ப்பிலா, கேட்ட ஆளிலா என்று அங்கேயே கண்டுபிடிக்கலாம்.

அடுத்து, யார் பதில் சொன்னார்கள் என்பது. காது கேளாத பெண்ணுக்காக அவர் மாமியார், பேச்சு தெளிவில்லாத இளைஞனுக்காக அவன் அண்ணன் என்று பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்லிவிடுவது சர்வசாதாரணம். ஒவ்வொரு படிவத்திலும் பதில் யாருடையது என்று குறித்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் களப்பணியாளர்களுக்கு நினைவு இருக்கும்போதே கேட்டு நிரப்புங்கள். மற்றவர் சொன்ன பதில்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால் சில கேள்விகளில் படமே மாறும், குறிப்பாகத் திருமணம், பணம், அடி உதை பற்றிய கேள்விகளில்.

மூன்றாவதாக, கணக்கில் வராதவர்கள். கிராமச் சுகாதாரக் குழுவினர் தந்த பட்டியலை மட்டும் நம்பினால், வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கும் பிள்ளைகள் விடுபடுவார்கள். மாற்றுத்திறனாளி கவுன்சிலரையும், ஊரில் எல்லா வீட்டுக்கும் போய்வரும் ஒரு பாட்டியையும் உட்காரவைத்துப் பட்டியலைப் படித்துக்காட்டி, யார் இல்லை என்று கேளுங்கள். பெயர்கள் வரும். ஆறு கேள்விகளில் மனநலம் சரியாகப் பிடிபடாது என்பதையும், பிள்ளைகளுக்கு யூனிசெஃபும் வாஷிங்டன் குழுவும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட தனித் தொகுப்புதான் பொருத்தம் என்பதையும் அறிக்கையில் ஒளிக்காமல் எழுதுங்கள்.

தேவை தெரிந்துவிட்ட பிறகு சும்மா வர முடியாது

இந்தப் பகுதிதான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது. நீங்கள் கேள்வி கேட்கப் போன இடத்தில் தினமும் வலிப்பு வந்து அடுப்பில் விழுந்து தீக்காயம் பட்ட பையன் இருக்கிறான், தலை பெரிதாகிக்கொண்டே போகும் கைக்குழந்தை இருக்கிறது, படுக்கைப் புண்ணோடு ஒருவர் இருக்கிறார். 'நாங்கள் ஆய்வுக்காரர்கள்' என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது, கூடாது. அதே சமயம் உங்கள் சட்டைப்பையிலிருந்து எல்லோருக்கும் வைத்தியம் பார்க்கவும் முடியாது. நடுவில் செய்யக்கூடியது, பொறுப்பாக ஒப்படைப்பது.

உகாண்டாவின் சுகாதார நிலையங்கள் படிநிலையாக இருக்கின்றன. சில கிராமங்கள் சேர்ந்த பாரிஷ் அளவில் இரண்டாம் நிலை, சப்-கவுன்டியில் மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை, பிறகு மாவட்ட மருத்துவமனை, மண்டல மருத்துவமனை. வலிப்புக்கு மாத்திரை எந்த நிலையத்தில் இந்த மாதம் உண்மையிலேயே இருப்பில் உள்ளது என்று நேரில் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த இடத்தின் பெயரைக் குடும்பத்துக்கு எழுதிக் கொடுங்கள். தலையில் நீர் கோர்த்த குழந்தைக்கு நேரம் மிக முக்கியம். மபாலேயில் உள்ள க்யூர் குழந்தைகள் மருத்துவமனை இந்த அறுவைசிகிச்சைக்கு உலக அளவில் பெயர் பெற்றது, புசோகாவிலிருந்து எட்டக்கூடிய தூரம்தான். வளைபாதத்தோடு பிறந்த குழந்தைக்கு பொன்செட்டி முறையில் வாரம் ஒரு மாவுக்கட்டு என்று மாற்றி மாற்றிப் போட்டு, பிறகு சில வருடம் இரவில் பிரேஸ் காலணி அணிய வேண்டும். அம்மா ஒவ்வொரு வாரமும் வந்துபோகும் செலவுக்கு என்ன வழி என்று பேசாமல் அனுப்பினால் பாதியில் நின்றுவிடும். என்டெபே சாலையில் கிசுபியில் இருக்கும் கோர்சு மறுவாழ்வு மருத்துவமனையும், மண்டல மருத்துவமனைகளில் இருக்கும் எலும்பியல் பட்டறைகளும் உங்கள் பட்டியலில் இருக்கட்டும். ஒரு வழியனுப்பு நோட்டு போடுங்கள்: யார், என்ன தேவை, எங்கே அனுப்பினோம், போனார்களா, என்ன ஆயிற்று. நீங்கள் கிளம்பும் முன் அந்த நோட்டு சமூக மேம்பாட்டு அதிகாரியிடமோ மூன்றாம் நிலைச் சுகாதார நிலையத்தின் பொறுப்பாளரிடமோ, குடும்பங்களின் சம்மதத்தோடு, கைமாற வேண்டும்.

வீல்சேர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆய்வு முடிவு விழாவில் ஒரு வண்டி நிறைய வீல்சேர் கொண்டுவந்து வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பும் பழக்கம் நல்ல மனதோடு செய்யப்படுவதுதான், ஆனால் தீங்கு செய்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டலில் எட்டுப் படிகள் இருக்கின்றன: பதிவு, மதிப்பீடு, எது பொருந்தும் என்ற முடிவு, நிதியும் ஆர்டரும், தயாரிப்பு, உட்காரவைத்துப் பொருத்திப் பார்ப்பது, பயிற்சி, தொடர் கவனிப்பும் பழுதுபார்ப்பும். அளவு பொருந்தாத நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் புண் வரும், முதுகு வளையும், உணர்வில்லாத உடலில் அந்தப் புண் உயிரையே எடுக்கும். முன்சக்கரம் சின்னதாக உள்ள ஆஸ்பத்திரி நாற்காலி அந்தச் செம்மண் பாதையில் ஓடவும் ஓடாது. பணம் இருந்தால் ஐந்து பேருக்கு அளவெடுத்து, பழுதுபார்க்கும் ஆளோடு சேர்த்துக் கொடுங்கள்.

அரசுத் திட்டங்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகள் குழுக்களுக்கான சிறப்பு மானியம் இருக்கிறது, அதற்கு சமூக மேம்பாட்டு அதிகாரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். 2022-இல் தொடங்கிய பாரிஷ் மேம்பாட்டுத் திட்டத்தில் பாரிஷ் ஒன்றுக்கு 100 மில்லியன் ஷில்லிங் சுழல்நிதி, அதில் 10 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு. 80 வயது நிறைந்த முதியவர்களுக்கு மாதம் 25,000 ஷில்லிங் என்ற உதவித்தொகை உண்டு, தேசிய அடையாள அட்டையில் வயது தப்பாகப் பதிவானதால் அதைப் பெற முடியாதவர்களும் உண்டு. பாரிஷ் வாரியாக எத்தனை மாற்றுத்திறனாளிகள், அவர்களில் எத்தனை பேர் இந்தப் பணத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று உங்கள் தரவில் எடுக்க முடிந்தால், அந்த ஒரு அட்டவணை உங்கள் தீசிஸ் முழுவதையும்விட அந்த ஊருக்குப் பயன்படும்.

கணக்குப் போடுவது

எண்களில் ஒரே ஒரு முடிவு மற்ற எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும்: யாரை மாற்றுத்திறனாளி என்று கணக்கில் எடுக்கிறீர்கள். வாஷிங்டன் குழு சொல்வது, ஏதாவது ஒரு கேள்விக்காவது 'நிறையச் சிரமம்' அல்லது 'அறவே முடியாது' என்று பதில் வந்தால் சேர்ப்பது. 'கொஞ்சம் சிரமம்' என்றவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை பல மடங்கு ஏறிவிடும். எந்தக் கோட்டில் வெட்டினீர்கள் என்று எழுதாத எண்ணை யாரும் இன்னொரு ஆய்வோடு ஒப்பிட முடியாது. இரண்டு விதமாகவும் கணக்கிட்டு இரண்டையும் கொடுத்துவிடுங்கள்.

பேட்டிகளைப் பகுக்கும்போது, உலக சுகாதார நிறுவனத்தின் 2010-ஆம் ஆண்டு சமூகம் சார்ந்த மறுவாழ்வு வழிகாட்டலில் உள்ள ஐந்து தலைப்புகளை, அதாவது உடல்நலம், கல்வி, வாழ்வாதாரம், சமூக வாழ்க்கை, அதிகாரம் பெறுதல் ஆகியவற்றை, ஒரு சரிபார்ப்புப் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம். நம் ஆட்கள் பெரும்பாலும் உடல்நலத்தில் தொடங்கி உடல்நலத்திலேயே முடித்துவிடுகிறோம். பேட்டியில் அவர்கள் சொன்னதைப் படித்துப் பாருங்கள். நிலம் பங்கு பிரிக்கும்போது பெயர் விட்டுப்போனது, கல்யாணப் பேச்சு வராதது, தண்ணீர்க் குழாய்க்குப் போக முடியாதது என்றுதான் அதிகம் இருக்கும்.

மாற்றுத்திறனாளிகள் சங்கத்திலிருந்து நான்கைந்து பேரை, அவர்கள் நேரத்துக்குக் காசு கொடுத்து, அடையாளம் நீக்கிய பேட்டிப் பகுதிகளை அவர்களோடு சேர்ந்து படிப்பதைப் பலமாகச் சிபாரிசு செய்கிறேன். 'அக்கம்பக்கத்தார் உதவுகிறார்கள்' என்று நாம் நல்ல செய்தியாகக் குறித்த இடத்தில், அந்த உதவிக்குப் பதிலாக அவர் அந்த வீட்டில் சம்பளமில்லாமல் வேலை செய்கிறார் என்பதை அவர்கள்தான் சொல்வார்கள்.

ஊருக்குத் திரும்பிப் போய்ச் சொல்வது

2006-இல் ஐ.நா. நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு தரவு சேகரிப்பைப் பற்றியது. சேகரித்த தரவு மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்று அது அரசுகளுக்குச் சொல்கிறது. உகாண்டா அதில் 2008-இலேயே சேர்ந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் ஆய்வாளர்களுக்கென்று தாங்களே எழுதி 2017-இல் வெளியிட்ட நெறிமுறையில் மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை என்று கேட்டிருக்கிறார்கள். முடிவைத் திரும்பக் கொண்டுவந்து சொல்வது அந்த நேர்மையில் அடங்கும். நீங்கள் தயவாகச் செய்வதல்ல, அவர்களுக்குச் சேர வேண்டியது.

கூட்டத்துக்கு இடம் பார்க்கும்போது பந்தல், நாற்காலி எல்லாவற்றுக்கும் முன்னால் கழிப்பறையைப் பாருங்கள். தவழ்ந்து வரும் பெண்ணால் குழி கழிப்பறைக்குள் கையை ஊன்றிப் போக முடியாது. அப்படிப்பட்ட இடமென்றால் அவர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார், அல்லது வரவே மாட்டார். போக்குவரத்துக் காசு கூட்டம் முடிந்ததும் கையில் கொடுக்க வேண்டும், துணைக்கு வருபவருக்கும் சேர்த்து. வீல்சேரை ஏற்றுவதற்கு போடா போடாக்காரர் கூடுதலாகக் கேட்பார், அதையும் கணக்கில் வையுங்கள்.

சைகை மொழிபெயர்ப்பாளரை அழைத்தால் போதும் என்று நினைக்கிறோம். கிராமத்தில் பள்ளிக்கே போகாத காது கேளாதவர்களுக்கு உகாண்டா சைகை மொழி தெரியாது, வீட்டில் உருவான சைகைகள்தான் தெரியும். அவர்களுக்கு, காது கேளாதவரான இன்னொருவரும், அந்த வீட்டுச் சைகை தெரிந்த தங்கையோ தோழியோ ஒருவரும், கொஞ்சம் படங்களும் வேண்டும். நேரமும் வேண்டும், அவர்களைப் பொதுக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் தனியாகச் சந்திப்பதுதான் நடைமுறையில் சரிவருகிறது. பார்வையில்லாதவர்களுக்கு அந்தப் பகுதி மொழியான லுசோகாவில் ஒலிப்பதிவு செய்து போனில் ஏற்றிக் கொடுங்கள். அந்த ஊரில் கேட்கும் உள்ளூர் வானொலியில் கேள்வி பதில் நிகழ்ச்சி வைக்க முடிந்தால் வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கும் போய்ச் சேரும். செரிப்ரல் பால்சி எனும் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையை வைத்திருக்கும் அம்மாக்களில் பலரால் கூட்டத்துக்கு வர இயலாது, அவர்கள் வீட்டுக்கு நீங்கள் போங்கள்.

என்ன சொல்வது? ஐந்து விஷயத்துக்கு மேல் வேண்டாம். சதவீதம் வேண்டாம். பத்துப் பேரை முன்னால் நிற்கவைத்து, அதில் மூன்று பேரைத் தள்ளி நிறுத்தி, 'பத்துப் பேரில் இத்தனை பேருக்குத்தான் மானியம் பற்றித் தெரியும்' என்று காட்டினால் எல்லோருக்கும் புரியும். ஒவ்வொன்றும் சொன்ன பிறகு நிறுத்தி, 'இது சரியா, எங்கே தப்பு?' என்று கேளுங்கள். சேர்மனும் பெரியவர்களும் முதலில் பேசுவார்கள், பேசட்டும், ஆனால் அதற்கப்புறம் மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கென்று தனியாக ஒரு வட்டம் உட்கார வைப்பதை முன்கூட்டியே நிகழ்ச்சி நிரலில் எழுதிவிடுங்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் சொன்னதை அப்படியே எழுதி அறிக்கையில் சேருங்கள்.

உள்ளூர்ப் பள்ளியையோ சுகாதார நிலையத்தையோ குறைசொல்லும் முடிவு இருந்தால், பொதுவில் சொல்வதற்கு முன் அந்தத் தலைமை ஆசிரியரையோ செவிலியரையோ தனியாகப் பார்த்துக் காட்டுங்கள். மருந்து வராததற்கு அவர் காரணமாக இருக்க மாட்டார். நீங்கள் போன பிறகும் அவரை நம்பித்தான் அந்த மக்கள் இருக்க வேண்டும். அதுபோல, பிள்ளையின் குறைபாட்டுக்கு அம்மாவைப் பழிக்கும் பேச்சு, சூனியம் சாபம் என்ற பேச்சு கூட்டத்தில் எழலாம். என்ன பதில் சொல்வது, யார் சொல்வது என்று சங்கத்தினரோடு முன்பே பேசி வையுங்கள். தன் பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய ஒரு தாய் எழுந்து பேசினால் அதற்கு இருக்கும் மதிப்பு உங்கள் விளக்கத்துக்கு இருக்காது.

பெயரை நீக்கினால் போதாது

ஒரு கிராமத்தில் வெண்தோல் குறைபாடு (அல்பினிசம், பிறவியிலேயே தோலிலும் முடியிலும் நிறம் குறைவது) உள்ளவர் ஒரே ஒருவர்தான் என்றால், '27 வயது, பெண், வெண்தோல், இன்ன பாரிஷ்' என்று எழுதியதும் அவர் யார் என்று சப்-கவுன்டி முழுக்கத் தெரியும். அவர் தன் கணவரைப் பற்றிப் பேட்டியில் சொன்னதும் கூடவே தெரியும். அதனால் கிராமப் பெயரை எடுத்துவிடுங்கள், வயதை வரம்பாக மாற்றுங்கள், அட்டவணையில் ஐந்து பேருக்குக் குறைவாக வரும் கட்டங்களை ஒன்றாகச் சேருங்கள், தரவு சேகரிக்கும் கோபோ போன்ற செயலியில் பதிவான ஜிபிஎஸ் புள்ளிகளைப் பகிரும் கோப்பிலிருந்து அழியுங்கள். புகைப்படத்துக்கு எடுக்கும்போது வாங்கிய சம்மதம் போதாது. எந்தப் படம் எங்கே வரப்போகிறது என்று அந்தப் பக்கத்தையே காட்டி மறுபடி கேளுங்கள்.

உகாண்டாவில் 2019-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக் கவனம் தேவைப்படும் தகவலாகப் பார்க்கிறது. தரவை நாட்டுக்கு வெளியே எடுத்துப் போகவும் நிபந்தனைகள் உண்டு. அடையாளம் நீக்கிய ஒரு பிரதி, அதை எப்படிப் படிப்பது என்ற விளக்கத்தோடு, மாவட்டச் சங்கத்திடமும் மகெரேரே, க்யாம்போகோ போன்ற உங்கள் கூட்டாளிப் பல்கலைக்கழகத்திடமும் இருக்கட்டும். யார் கேட்டால் கொடுக்கலாம் என்பதை ஒரு பக்க ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

எழுதுவதும் பெயர் போடுவதும்

மூன்று எழுத்துகள் தேவை. மாவட்டத்துக்கு இரண்டு பக்கம், அதில் யார் என்ன செய்ய முடியும் என்று பதவிப் பெயரோடு. ஊருக்கு எளிய லுசோகாவில் படங்களோடு ஒரு தாள். அப்புறம்தான் தீசிஸ் அல்லது கட்டுரை. முதல் இரண்டையும் முதலில் எழுதுங்கள். கட்டுரை வெளிவந்த பிறகு எழுதலாம் என்றால் பட்ஜெட் கூட்டம் முடிந்துபோயிருக்கும்.

பேட்டிகளை எடுத்து, மொழிபெயர்த்து, அர்த்தம் சொன்ன உகாண்டா சகாக்களுக்கு நன்றியுரையில் ஒரு வரி போதாது. திட்டமிடலிலோ பகுப்பாய்விலோ உண்மையாகப் பங்கெடுத்தவருக்கு வரைவைப் படித்துத் திருத்தும் வாய்ப்பைக் கொடுங்கள், ஆசிரியர் பட்டியலில் சேருங்கள். வரைவு எழுதும் வேலைக்கு அவரை அழைக்காமலேயே 'அவர் எழுதவில்லை' என்று காரணம் சொல்வது நியாயமில்லை. இதழ் தேர்ந்தெடுக்கும்போது, உகாண்டாவில் இருப்பவர் காசில்லாமல் படிக்கக்கூடியதா என்று பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் ஆய்வுகளுக்கென்றே தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு திறந்த இதழ் வருகிறது. வெளியீட்டுக் கட்டணத் தள்ளுபடி உண்டா என்றும் முன்பே கேளுங்கள்.

கடைசி வாரம்

களப்பணியாளர்களின் பாக்கிச் சம்பளம் முழுவதும், நீங்கள் கிளம்புவதற்கு முன்பே, ரசீதோடு. அவர்கள் ஒவ்வொருவருக்கும் என்ன வேலை செய்தார் என்று தெளிவாக எழுதிய சான்றுக் கடிதம். அடுத்த வேலைக்கு அது நிஜமாகவே உதவும். டேப்லெட், பேட்டரி, பைக் போன்றவற்றை யாருக்குக் கொடுப்பது என்று நிதி கொடுத்தவரிடம் எழுத்தில் கேட்டு, கொடுத்ததை எழுத்தில் பதிந்து, டேப்லெட்டில் உள்ள தரவை முழுவதும் அழித்த பிறகு கொடுங்கள். ஒலிப்பதிவுகளை எப்போது அழிப்பதாக ஒப்புதல் படிவத்தில் சொன்னீர்களோ அந்தத் தேதியை, அழிக்கப்போகும் ஆளின் பெயரோடு, நிறைவு அறிக்கையில் போடுங்கள்.

இன்னொன்று, ஒப்புதல் படிவத்தில் அச்சடித்த போன் எண். அந்தத் தாளைப் பல வீடுகளில் சுவரில் குத்தியோ பெட்டியில் மடித்தோ வைத்திருப்பார்கள், மாதங்கள் கழித்தும் அழைப்பார்கள்: மாத்திரை தீர்ந்துவிட்டது, வீல்சேர் சக்கரம் உடைந்துவிட்டது, நான் சொன்னதை எடுத்துவிடுங்கள் என்று. அந்த சிம்மைக் குறைந்தது ஒரு வருடத்துக்கு உயிரோடு வைத்திருக்கும்படி சங்கத்தில் ஒருவரிடம் மாதச் சம்பளத்தோடு ஒப்படையுங்கள். எந்தக் கேள்விக்கு யாரிடம் அனுப்ப வேண்டும் என்ற பட்டியலையும், வழியனுப்பு நோட்டின் பிரதி யாரிடம் இருக்கிறது என்பதையும் அவரிடம் எழுதிக் கொடுங்கள்.